ஆடும் ஜீப்பும் இழுக்கும் தாரும்

மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் பாதை வேகத்துக்காக உண்டானதல்ல. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு மலையை எடுத்த பாம்பே பர்மா நிறுவனத்தின் தோட்டங்களுக்கு ஆளும் சரக்கும் போய்வர அமைந்த பாதை. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மேலே போகப் போக மழை கூடும், பாதை மோசமாகும். மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டினாலே அங்கே அது வேகம்தான். அதனால் முன்பக்கத்தில் எந்த மூட்டு தளர்ந்திருந்தாலும் மலையில் அது பெரிதாகத் தெரியாது. கல்லில் இறங்கும்போது ஒரு ‘டொக்’ சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அதே வண்டி கீழே இறங்கி கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாக நெல்லைக்கு வந்து நாலுவழிச் சாலையில் ஐம்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கையை உதற ஆரம்பிக்கும். பழுதை உண்டாக்கியது மலை, காட்டிக்கொடுப்பது சமவெளி. ஓட்டுநரோ கடைசியாக இறங்கிய பள்ளத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நேரே வீல் அலைன்மென்ட் கடைக்குப் போவார்.

அங்கே போவது சரியா என்பது எந்த வண்டி என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கத்து மலைப்பாதைகளில் ஓடும் இரண்டு மஹிந்திரா வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஒன்று, வில்லிஸ் வழியில் வந்த பழைய சி.ஜே. 3பி வகை ஜீப். மற்றது, 2010-ல் வந்து 2019-ல் விடைபெற்ற சி.ஆர்.டி.இ. எஞ்சின் கொண்ட முதல் தலைமுறைத் தார். முகம் ஏறத்தாழ ஒன்று: வட்ட விளக்குகள், தட்டையான மட்கார்டு, நிமிர்ந்த கண்ணாடி. தாரை வாங்கியவர்களில் பலர் அந்த முகத்துக்காகவே வாங்கினார்கள். ஆனால் பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்தால் உறவே இல்லாத இரண்டு வண்டிகள் தெரியும். முகத்தை நம்பி, ஒன்றுக்குப் பார்த்த வைத்தியத்தை மற்றதற்கும் பார்ப்பதால்தான் டயரும் பணமும் வீணாகின்றன.

ஜீப்பின் முன்பக்கம் ஒரே இரும்பு ஆக்ஸில். இரண்டு சக்கரங்களும் அதன் இரு முனைகளில். ஆக்ஸில் இரண்டு பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் யூ போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் திரும்புவது முனையில் இருக்கும் கிங்பின்னில். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்க் நடுவில் இருக்கும் பெல் கிராங்கை அசைக்க, அது டை ராடுகளை அசைக்கும். தாரில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு முன்சக்கரமும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்ற இரண்டு கைகளில் தனித்தனியாகத் தொங்குகிறது. கிங்பின்னின் வேலையை மேலும் கீழும் உள்ள பால் ஜாயின்ட்டுகள் செய்கின்றன. பட்டைக்குப் பதிலாக சேசிஸை ஒட்டி நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. ஸ்டியரிங் ரேக் வகை, அதுவும் பவர். பின்பக்கம் மட்டும்தான் இரண்டிலும் பட்டை.

முதலில் ஆட்டம். ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஒரு சக்கரம் குழியில் இறங்கி ஏறும். உடனே முன்பக்கம் முழுதும் இடமும் வலமுமாகத் துடிக்கத் தொடங்கும். காலை எடுத்தாலும் நிற்காது, வேகம் பாதிக்குக் கீழே இறங்கினால்தான் அடங்கும். இதற்குக் காரணம் அந்த ஒற்றை ஆக்ஸில்தான். ஒரு சக்கரம் மேலே தூக்கினால் மற்றதும் சாய்ந்தே ஆக வேண்டும். சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். ஒரு சக்கரம் திரும்பினால் டை ராடு மற்றதையும் திருப்பும். திரும்பிய சக்கரம் மறுபடி ஆக்ஸிலைச் சாய்க்கும். மூட்டுகள் இறுக்கமாக இருக்கும்வரை இந்தச் சங்கிலி முதல் சுற்றிலேயே செத்துவிடும். எங்காவது ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தால் போதும், சுற்றுக்குச் சுற்று வளரும். உலகம் முழுக்கவே கார்காரர்கள் 1920-களில் இதோடு போராடினார்கள். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளரின் உழைப்பால் ஜெனரல் மோட்டார்ஸ் 1934 மாடல்களில் முன்சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டதற்கு இந்த ஆட்டமும் ஒரு காரணம். ஜீப் மட்டும் மலைக்காகவும் போருக்காகவும் பழைய இரும்பு ஆக்ஸிலையே வைத்துக்கொண்டது. அதன் வலிமையோடு அதன் நோயும் கூடவே வந்தது.

ஆகவே ஜீப் ஆடினால் கேட்க வேண்டியது “கோணம் எவ்வளவு?” என்றல்ல, “எங்கே பிளே?” என்று, அதாவது எந்த மூட்டில் தளர்வு என்று. நல்ல பட்டறையில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

“அண்ணாச்சி, வண்டி கையில நிக்க மாட்டேங்கு. அலைன்மென்ட் பாத்துட்டா சரியாப் போயிரும்லா?”

“அலைன்மென்ட் கெடக்கட்டும். நீரு மேல ஏறி ஸ்டியரிங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசா ஆட்டும், நான் அடியில கெடந்து பாக்கேன்.”

இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துக்கொண்டே பெட்டியிலிருந்து சக்கரம் வரை வருவார். பெட்டியின் கை அசைந்தும் டிராக் லிங்க் அசையாவிட்டால் அந்த முனை. டிராக் லிங்க் அசையும்போது பெல் கிராங்க் குலுங்கினால் அதன் புஷ். அங்கிருந்து டை ராடு எண்டுகள். அசைவு எந்த இடத்தில் தொலைகிறதோ அதுதான் பழுது. பெட்டியின் திருகை இறுக்கி எல்லாப் பிளேயையும் ஒரே இடத்தில் தீர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதைவிடக் கெட்ட வைத்தியம் இல்லை. நடு நிலையில் பெட்டி பிடித்துக்கொள்ளும், சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது, வண்டி முன்னைவிட அதிகமாக அலையும்.

அடுத்தது கிங்பின். ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்ட வேண்டும். பிளே தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் பிளே போய்விட்டால் அது ஹப் பேரிங், போகாவிட்டால் கிங்பின். கிங்பின்னின் மேலும் கீழும் கூம்பு உருளை பேரிங்குகள் இருக்கின்றன. மேல்மூடி, கீழ்மூடிகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்தால் இறுகும், போட்டால் தளரும். டை ராடைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து இந்த இறுக்கத்தை வைப்பதுதான் முறை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், உருளைகள் நேர்நிலையிலேயே தட்டித் தட்டி பேரிங் கிண்ணத்தில் குழி பதித்துவிடும். அந்த பேரிங்கை ஷிம் எடுத்து இறுக்கினால் நேர்நிலையில் சரியாகவும், திருப்பும்போது கல்லாகவும் இருக்கும். குழி விழுந்த கிண்ணத்துக்கு மாற்றுவதுதான் வழி.

தாரில் இந்த வகை ஆட்டம் வராது என்றே சொல்லிவிடலாம். ஒரு சக்கரம் சாய்வது மற்றதற்குத் தெரியாது. அங்கே வருவது வேறு: எண்பதில் மெல்லத் தொடங்கி, நூறுக்குள் உச்சத்தைத் தொட்டு, அதைத் தாண்டினால் குறையும் ஒரு நடுக்கம். குழி ஒன்றும் தேவையில்லை, அந்த வேகம் போதும். இது பெரும்பாலும் வீல் பேலன்ஸ். ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய மலைச்சேறே போதும். பேலன்ஸ் போட்ட கடைக்குச் சண்டைக்குப் போகும் முன் சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். குழிக்குப் பிறகு தொடங்கி நிற்காமல் வளரும் ஆட்டமா, குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகும் நடுக்கமா என்ற ஒரு கேள்வியே இரண்டு வண்டிகளின் பாதைகளைப் பிரித்துவிடும்.

தாரில் பிளே தேடும்போது முக்கியமான வேறுபாடு ஜாக்கியில் இருக்கிறது. ஜீப்பில் ஆக்ஸிலுக்கு அடியில் வைத்தால் முடிந்தது. தாரில் பழக்க தோஷத்தில் சேசிஸுக்கு அடியில் வைத்துத் தூக்கினால், டார்ஷன் பார் கீழ் ஆர்மை விடாமல் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தில் தேய்ந்த பால் ஜாயின்ட்டும் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு புதியதுபோல நிற்கும். கீழ் ஆர்மின் அடியில், பால் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஜாக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் மூட்டின் மேலிருந்த பாரம் இறங்கி, சக்கரத்தின் அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பும்போது உண்மை தெரியும். பால் ஜாயின்ட் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட வண்டி அடுத்த மாதமே அதே சத்தத்தோடு வருவதற்கு, பாகத்தின் தரத்தைவிட ஜாக்கி வைத்த இடம் காரணமாக இருப்பது அதிகம். ஆர்ம் புஷ்களையும் இதே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். ரப்பர் வெடித்திருந்தால் பிரேக் மிதிக்கும்போது ஆர்ம் முன்னும் பின்னும் நகரும், அதோடு கோணங்களும் நகரும்.

இனி டயர். “உள்பக்கமா தின்னுது” என்பது இரண்டு வண்டிக்கும் வரும் புகார். புகார் ஒன்றானாலும் பொருள் நேர் எதிர். ஜீப்பில் சக்கரத்தின் பக்கச் சாய்வான கேம்பர் ஆக்ஸிலோடு பிறந்தது. வில்லிஸ் கையேடு சொல்லும் அளவு ஒன்றரை டிகிரி; அதைத் திருகி மாற்ற ஒரு திருகும் கிடையாது. பாரம் ஏற்றினாலும் இறக்கினாலும் மாறாது. எனவே கேம்பர் மாறியிருந்தால் ஒன்று பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது இரும்பு வளைந்திருக்கிறது. இது அலைன்மென்ட் கடைக்காரர் தீர்க்கும் விஷயமே அல்ல. தாரில் கேம்பர் உயரத்தின் குழந்தை. வயதாகி டார்ஷன் பார் தளர்ந்தால் முன்பக்கம் இறங்கும், சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு போகும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் ஒரு டயர் மட்டும் போகும். ஆகவே தாரில் முதல் அளவு கோணமல்ல, உயரம். சமதரையில் நிறுத்தி, கீழ் ஆர்மின் சேசிஸ் போல்ட்டுக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் தரையிலிருந்து உள்ள உயர வித்தியாசத்தை இரண்டு பக்கமும் டேப்பில் எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகாத வரை மெஷினில் ஏற்றுவது வீண்.

இதன் மறுபக்கம்தான் இப்போது அதிகம் பார்க்கக் கிடைப்பது. பெரிய டயர் போடுவதற்காகவோ, தோரணைக்காகவோ டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறார்கள். ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கம்பியின் விறைப்பு அதேதான், நிற்கும் உயரம்தான் மாறுகிறது. சக்கரம் கீழே இறங்க இருந்த இடம் குறைகிறது, சக்கரத்தின் தலை வெளியே சாய்கிறது, டோ நகர்கிறது, முன் ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட்டுகள் கூடுதல் கோணத்தில் வேலை செய்கின்றன. உயர்த்தியதற்குப் பிறகு மறுபடி அலைன்மென்ட் செய்யாத தார், புது டயரின் வெளிவிளிம்பைச் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே காட்டிக்கொடுக்கும்.

டோ மட்டும்தான் இரண்டுக்கும் பொது. சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி எவ்வளவு குவிகின்றன என்ற அளவு. வில்லிஸ் ஜீப்புக்கு அது ஒன்றே கால் மில்லிமீட்டரிலிருந்து இரண்டரைக்குள். சின்ன எண்ணாகத் தெரியும். சுமார் 720 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் மூன்று மில்லிமீட்டர் கோணலாக நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான்கு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. அம்பாசமுத்திரம் போய்த் திரும்பினால் எத்தனை மீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டயரின் மேல் கையை உள்ளிருந்து வெளியே, வெளியிருந்து உள்ளே தடவினால் ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம்போல் பிடிக்கும். ஜீப்பில் இதைப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி டயரின் நடுவில் கோடு கீறி, இறக்கி, வண்டியை முன்னால் மட்டும் உருட்டி, முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் டேப்பில் அளந்தால் வித்தியாசம்தான் டோ. பின்னால் உருட்டினால் மூட்டுகள் எதிர்ப்பக்கம் ஒட்டி அளவு பொய்யாகும். கல்லில் அடிபட்டு டை ராடு வளைந்திருந்தாலும் டோ போய்விடும். அதை நெருப்பில் காட்டி நிமிர்த்துவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

அலைச்சலுக்கு வருவோம். நெல்லையிலிருந்து தெற்கே வள்ளியூர், பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கம் போகும்போது ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே கணவாய் வழி வரும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் அறையும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. தட்டை முகமுள்ள இந்த இரண்டு வண்டிகளும் அங்கே கொஞ்சம் தள்ளாடத்தான் செய்யும். தள்ளியபின் தானாக நேருக்குத் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. திரும்ப வைப்பது காஸ்டர், அதாவது கிங்பின்னின் தலை பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதே காரியத்துக்குத்தான்.

வில்லிஸ் ஜீப்புக்குக் காஸ்டர் மூன்று டிகிரி. நம் ஊரில் இந்த மூன்றைத் தின்பது பெரும்பாலும் பின்பட்டை. அதிகப் பாரத்துக்காகப் பின்னால் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து இரண்டு அங்குலம் தூக்கிவிடுவார்கள். இந்த ஜீப்பின் வீல்பேஸ் 80 அங்குலம்தான். பின்பக்கம் இரண்டு அங்குலம் ஏறினால் வண்டி முன்னால் ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகக் குனிகிறது. மூன்றில் கிட்டத்தட்ட பாதி போயிற்று. காலி வண்டியாக நெடுஞ்சாலையில் விட்டால் அது பாம்புபோல நெளியும், முன்பக்கத்தில் தேடினால் ஒரு பழுதும் கிடைக்காது. ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே சாய்வான தகடு, அதாவது ஆப்பு வைத்துத்தான் ஜீப்பில் காஸ்டரைத் திருத்த முடியும். யூ போல்ட் தளர்ந்திருந்தாலோ பட்டையின் நடு போல்ட் அறுந்து ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் போயிருந்தாலோ ஆப்பும் உதவாது. இரு பக்கமும் முன் ஹப்பிலிருந்து பின் ஹப் வரை டேப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் அது தெரியும். தாரிலும் பின்பக்க உயரம் காஸ்டரைத் தொடும். அங்கே அதைக் கண்ணால் காண முடியாது, பாதி டிகிரி வித்தியாசத்தை மெஷின்தான் சொல்ல வேண்டும்.

இழுப்பு வேறு கதை. நாம் இடப்பக்கம் ஓடுகிறோம், மழைநீர் வடியச் சாலையும் இடப்பக்கம் சரிந்திருக்கிறது. எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் நழுவும், அது பழுதல்ல. அதற்கு மேல் இழுத்தால் காற்றழுத்தம், பிறகு பிரேக். ஓடையைக் கடந்த பின் ஜீப்பின் ஒரு டிரம்மில் மட்டும் தண்ணீர் நின்றால் பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுக்கும். தாரில் முன் டிஸ்க்கின் கேலிப்பர் சிக்கினால் மிதிக்காதபோதும் இழுக்கும், அந்தப் பக்கத்து ரிம் சூடாக இருக்கும். தாரின் ரேடியல் டயரே சில சமயம் இழுக்கும். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினால் இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். பழைய நைலான் டயரில் ஓடும் ஜீப்பில் இந்தச் சோதனைக்கு வேலை குறைவு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டபோது நெல்லையிலும் தூத்துக்குடியிலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. எஞ்சினையும் சீட்டையும் எல்லோரும் பார்த்தார்கள். ஜீப்பில் கிங்பின் இருக்கும் மூடிய உருண்டை நக்கிளுக்குள் புகுந்த தண்ணீரை யார் பார்த்தார்கள்? நிரப்பும் திருகைக் கழற்றிப் பார்த்து உள்ளே கிரீஸ் வெளுத்துக் குழம்பியிருந்தால் அன்றே கழுவி மாற்ற வேண்டும். விட்டால் பல மாதம் கழித்து, வெள்ளத்தோடு யாரும் சேர்த்துப் பார்க்காத ஒரு நாளில், ஸ்டியரிங் கடினமாகும். தாரில் தண்ணீருக்கு வழி ரேக்கின் ரப்பர் உறையும் சி.வி. பூட்டும், கிழிசல் கண்ணுக்குத் தெரிவதால் அங்கே ஏமாறுவது குறைவு.

இப்போது அலைன்மென்ட் மெஷின். அது நிற்கும் வண்டியின் கோணத்தை அளக்கிறது. தளர்ந்த மூட்டு நிற்கும்போது ஒரு இடத்தில் அமர்ந்திருக்கும், ஓடும்போது வேறு இடத்துக்குப் போகும். திரையில் பச்சை விழுந்தாலும் சாலையில் அந்த எண் இருக்காது. தாருக்கு மெஷின் கட்டாயம் வேண்டும், ஆனால் உயரமும் மூட்டுகளும் முடிந்த பிறகு. ஜீப்புக்குத் திருத்த இருப்பது டோ ஒன்று, ஆப்பு வைத்தால் காஸ்டர். இரண்டையும் பழைய கை டேப்பிலேயே முடித்துவிடும். ஜீப்பை மெஷினில் ஏற்றுவதில் ஒரு லாபம் உண்டு என்பேன்: இடது வலது கேம்பர் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தாள் ஆக்ஸில் வளைவுக்குச் சான்று. திருத்துவதற்கு முன் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். திருத்திய பின் எடுத்தது மட்டும் கையில் இருந்தால் நோய் என்ன என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர் முன் ஆக்ஸிலில் புதிதாக ஒரு ஸ்டியரிங் டாம்பர் பளபளத்தால் அதைக் கழற்றச் சொல்லி, ஆளில்லாத சாலையில் வேகத்தை மெல்லக் கூட்டி ஓட்டிப் பார்க்கலாம். டாம்பர் ஆட்டத்தை மறைக்கும், தீர்க்காது. விற்பவர் தயங்கினால் இரண்டு பக்கக் கிங்பின் செட்டின் காசையும் கூலியையும் விலையில் கழித்துப் பேசலாம். தார் வாங்குகிறவருக்கு ஓட்டிப் பார்ப்பது போதாது. குனிந்து டார்ஷன் பார் போல்ட்டுகளில் மறை எவ்வளவு வெளியே தெரிகிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவா, திருகின் தலையில் புதிய ஸ்பானர் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடம் இருந்தால் முன் டயர்கள் இரண்டையும் முழுதாகத் திருப்பி நிறுத்தச் சொல்லி, உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் கையால் தடவிவிட்டுத்தான் விலை பேச உட்கார வேண்டும்.